வாய்க்கால் கரையில் கழற்றிய சப்பாத்துகள்

ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், எவரிடமும் விசா கேட்காமல் எங்கள் திருகோணமலைக்கு வந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய நாட்டைப் பார்க்க விசா எடுக்க, நாங்கள் உப்புவெளியிலிருந்து கொழும்புக்கு நடையாய் நடந்தோம். ஒல்லாந்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வேண்டுமே.

போய் இறங்கிய விமான நிலையத்திலேயே மகள் தகப்பனை மறித்துவிட்டாள்.

"அப்பா, நீங்கள் துறைமுகத்தில வேலை செய்தனீங்கள் எண்டுதான் மாமா மாமிக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். மீன் பிடிச்ச கதையை எடுத்துப்போடாதேங்கோ. பிறகு என்னை மதிக்க மாட்டினம்."

அவர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பிடித்த மீனில்தான் இவள் படித்தாள். ஆனாலும் அவள் முகம் பாவமாக இருந்ததால் நானும் தலையாட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியாரோடும் அவர் மனைவியோடும் ஒரு பழைய ஊரைப் பார்க்கப் போனோம். அங்கே தெருவே கிடையாது, வாய்க்கால்தான் தெரு. நாணல் வேய்ந்த வீடுகள், வீட்டுக்கு வீடு மரப்பாலம். சம்பந்தியார் யாழ்ப்பாணத்தில் வங்கியில் இருந்தவராம். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வள்ளம் ஏற வந்த மனிதரை அன்றுதான் கண்டேன். வழி நெடுக வங்கிக் கதைதான். என் மனுசன் 'ஓம், ஓம்' என்று கேட்டபடி வந்தார். கண் மட்டும் வாய்க்காலில் போகும் வள்ளங்களில் இருந்தது.

மருமகன் ஒரு வள்ளத்தை வாடகைக்கு எடுத்தார். என் மனுசன் கரையில் நின்று சப்பாத்தைக் கழற்றினார். அந்தக் குளிரில் வெறுங்காலோடு குனிந்து, வள்ளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார்.

எங்கள் கடற்கரையில் செருப்போடு வள்ளத்தில் கால் வைக்க மாட்டார்கள். சோறு போடுகிற வள்ளம் அது. கடல் தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவர்களைத் தவிர வேறு எவருக்கும் இப்படிச் செய்யத் தோன்றாது.

மகளின் முகம் வெளிறிப்போனது.

"குளிருமெல்லோ அப்பா, சப்பாத்தைப் போடுங்கோ" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எப்படியாவது சமாளிக்க வேண்டுமென்று, "புதுச் சப்பாத்து, காலைக் கடிக்குதாம்" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியார் பக்கம் திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை. கழுத்துப்பட்டியோடு வள்ளத்துக்குள் இருந்தார். காலுறையை உள்ளே சுருட்டி வைத்த அவருடைய சப்பாத்துகள், என் மனுசனுடையதற்குப் பக்கத்தில் கரையில் இருந்தன.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவருக்கு ஏலவில்லை.

"இவருக்கும் கடிக்குது போல" என்றார்.

மகள் இரண்டு சோடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து தன்னுடைய சப்பாத்து நாடாவை அவிழ்த்தாள்.