இறங்கினால் ரோடு வரும்

அக்கா சூரியநெல்லியிலிருந்து மலை இறங்கி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து, கண்ணூருக்கு அப்பால் நான் வேலை பார்க்கும் கடலோர ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு பை. "கடல் பாக்கணும்னு தோணிச்சு" என்றாள். அன்று சாயங்காலமே திரும்ப வேண்டும் என்றும் சொன்னாள்.

கடலுக்காக அவள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா போன வருஷமே தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டாள். இப்போது அப்பாவும் ஓய்வு பெறுகிறார். நாங்கள் பிறந்து வளர்ந்த லயத்து வீடு, தொழிலாளிகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, தேயிலை எஸ்டேட்டுக்குச் சொந்தம். பிள்ளைகளில் ஒருவர் தொழிலாளியாகப் பேர் கொடுத்தால் வீடு எங்களிடமே இருக்கும். இல்லாவிட்டால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். யார் பேர் என்று திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீசில் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். இங்கே ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அக்கா எட்டாவதோடு நின்றவள், சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். என்னைப் பேர் கொடுக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வருகிறேன் என்று அவள் போன் செய்ததிலிருந்து, முடியாது என்று எப்படிச் சொல்வது என்பதையே இரண்டு நாளாக மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

என் அறையில் உட்கார்ந்து அதைப் பேச முடியாது. நடந்தால் பேச்சு வரும் என்று தோன்றியது. ஊருக்கு வடக்கே கடலை ஒட்டிப் பாறைக்குன்றுகள் உண்டு. பஸ் ஸ்டாப்பில் தொடங்கி, குன்றுகளின் மேலேயே கடலைப் பார்த்தபடி சுற்றி, மறுபக்கம் இறங்கி, திரும்பவும் அதே பஸ் ஸ்டாப்புக்கு வரும் வழி ஒன்று இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்களோடு ஒருமுறை போயிருக்கிறேன். வழி தெரிய அந்த ஒருமுறையே போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஏற்றத்தில் அக்கா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போனாள்.

"ஏலே வாத்தியாரே, என்ன மூச்சு வாங்குது? சாக்பீஸ் தூக்கித் தூக்கி ஒடம்பு கெட்டுப் போச்சா?"

"பேசாம நடக்கா."

உச்சியில் கடல் முழுதாகத் தெரிந்தது. வெயிலில் கண் கூசியது. அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றாள்.

"இதுல மூடுபனி எறங்குமால?"

"எறங்காது."

"அப்ப வீட்டுக்குப் போற நேரம் ஆச்சுன்னு எப்படித் தெரியும்?"

நான் சிரிக்கவில்லை. இதோ கேட்கப் போகிறாள், இதோ கேட்கப் போகிறாள் என்றே காத்திருந்தேன். அவள் தூரத்தில் போன ஒரு படகைக் காட்டினாள். பிறகு கொண்டுவந்திருந்த பொரிகடலையைத் தின்றாள். என்னால் நிற்க முடியவில்லை. "போலாம், போலாம்" என்று கிளப்பிவிட்டேன்.

அவசரத்தில் வழி தப்பியது. மேலே எல்லாம் செம்பாறை. தேயிலைக்காட்டில் பாதை தப்பவே தப்பாது. செடிகளுக்கு நடுவே மண்ணாகக் கிடக்கும். இந்தப் பாறையில் யார் நடந்ததும் பதிவதில்லை. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை.

"இதுக்கா முழிக்க? கீழ எறங்கு, ரோடு வரும்" என்றாள் அக்கா.

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எங்கே தொலைந்தாலும் இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் ஓடை வரும், அப்புறம் லயம், அப்புறம் ரோடு. பட்டப்படிப்பு படித்த நானும் யோசிக்காமல் இறங்கினேன். முள்ளில் சட்டை கிழிந்தது. பாறை இடுக்கில் கை ஊன்றி, உட்கார்ந்து, சறுக்கி இறங்கினோம்.

கீழே கடல்தான் இருந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல். "பாறைய ஒட்டிச் சுத்திப் போனா அந்தப் பக்கம் வழி இருக்கும்" என்று முன்னால் நடந்தேன். திருப்பத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார்.

"மோனே, அதிலெ போகண்டா! வெள்ளம் கேறுகயா! மேலே கேறிக்கோ!"

தண்ணீர் ஏறுகிறது, அந்த வழியே போகாதே, மேலே ஏறு என்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை வந்து என் முழங்காலை நனைத்துவிட்டுப் போனது. நான் கால் வைத்திருந்த பாறை மறுபடி தெரியவே இல்லை. அவரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

வந்த சரிவிலேயே திரும்ப ஏறினோம். பாதியில் ஒரு பாறை மடிப்பில் இருவரும் ஒண்டி உட்கார்ந்தபோது, தயார் செய்ததெல்லாம் மறந்து, வாயில் வந்ததைக் கொட்டினேன்.

"என்னால பேரு குடுக்க முடியாதுக்கா. சத்தியமா முடியாது."

"ஒன்ன யாருல கேட்டா?"

"அப்ப நீ குடுக்கப் போறியா?"

"நான் எதுக்குக் குடுக்கணும்? கொழுந்து வெட்டுற கத்திரி புடிச்சுப் புடிச்சு அம்மாவோட வெரலு நிமிர மாட்டேங்குது. பாத்துருக்கல்ல? அப்பா மருந்தடிச்சு அடிச்சு ராத்திரியெல்லாம் இருமுறாரு. அவுங்க ரெண்டு பேரு தோட்டத்துக்குப் போனது போதும்."

"வீடு?"

"அதத்தான் கேக்க வந்தேன். ஒன் ரூம்ல எத்தன பேரு படுக்கலாம்?"

என்ன சொல்கிறாள் என்று உடனே பிடிபடவில்லை. எல்லோரும் என்னிடமே வந்துவிடுவதாகச் சொல்கிறாள். முடியாது என்று சொல்லத்தான் பழகியிருந்தேன்.

"ஒரு கட்டில் போட்டா கதவு தொறக்காதுக்கா."

"அப்ப கட்டில எடுத்துரு."

"நீ என்ன வேல பாப்ப?"

"பஸ்ஸ விட்டு எறங்கி நடந்த தூரத்துலயே எத்தன ஓட்டலு! கக்கூஸ் கழுவுறதுக்கு ஊரு ஊருக்கு வேற வேற படிப்பா வேணும்?" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "மாட்டேன்னா இப்பவே சொல்லிரு. அதுக்குத்தான் நேர்ல வந்தேன். போன்ல கேட்டா நீ சரின்னு சொல்லிட்டு ராத்திரி பூரா தூங்க மாட்ட."

அலை கீழே மோதிக்கொண்டே இருந்தது. "வாங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அக்கா எழுந்து ஏறத் தொடங்கினாள்.

மேலே ஏறிப் பாறைகளைச் சுற்றி அலைந்ததில் கடைசியில் சரியான பாதை கிடைத்தது. மறுபக்கச் சரிவில் ரோடு தெரிந்த இடத்தில் சிக்னலும் வந்தது. அக்கா வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, நாங்க ரெண்டு பேருமே பேரு குடுக்கல. எல்லாரும் தம்பிகிட்ட வந்துருவோம்."

அங்கே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்ப கோழிகள யாருக்குக் குடுக்குறது?"

அக்கா பதில் சொல்வதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். "கோழிய எவளுக்கும் குடுக்க மாட்டேன். அங்க கூடு வைக்க எடம் இருக்கான்னு அவங்கிட்ட கேளு."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அறையை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் வாசலில் செருப்புக் கிடந்தாலே சத்தம் போடுவார். "பாக்குறேன்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினேன். ரோட்டில் இரண்டு பக்கமும் கேட்டுகளுக்கு மேலே எட்டி எட்டி, எந்த வீட்டுக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வீட்டில் நாய் குரைத்தது. அடுத்த வீட்டின் மதிலைப் பிடித்து எம்பியபோது பின்னாலிருந்து அக்கா கத்தினாள்.

"ஏலே, பஸ் ஸ்டாப்பு இந்தப் பக்கம்ல!"