சக்கரம் சுற்றும் வீடுகள்

என் அண்ணன் முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவர். ஒரு நாளைக்கு இருநூறு வீடு. கையில் ஒரு டார்ச், தோளில் ஒரு பை, கக்கத்தில் ஒரு குடை. மழைக்கு அந்தக் குடையை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. பாய்ந்து வரும் நாயின் முகத்துக்கு நேரே படாரென்று விரிப்பதற்காக மட்டுமே அதை வைத்திருந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'மீட்டர்' என்றாகிவிட்டது.

மனிதர்கள் சொல்வதை அவர் அதிகம் நம்பியதில்லை. வாய் ஆயிரம் சொல்லும், மீட்டர் ஒன்றுதான் சொல்லும் என்பார். கண்ணாடிக்குப் பின்னால் சுற்றும் சின்னஞ்சிறு சக்கரத்தின் வேகத்தைப் பார்த்தே உள்ளே என்ன ஓடுகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஒருமுறை என்னிடம், "புருஷன் பொண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லைன்னா ரெண்டு ரூம்ல ரெண்டு ஃபேன் ஓடும் பாப்பா. சமாதானம் ஆன மாசம் ரீடிங் குறைஞ்சிடும்" என்றார். எனக்கு ஐம்பது வயதான பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான்.

அண்ணி தையல்காரி. பத்து வருடமாக அவர் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. ஊசியில் நூல் கோப்பார். பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. கடைசியில் ஒரு வளையல் அளவு வெளிச்சம்தான் மிஞ்சியது. அவர்கள் அப்போது இருந்த வீடு நெடுஞ்சாலை ஓரம். நடைபாதை கிடையாது. பால் வாங்கப் போன அண்ணியை ஒரு வண்டி உரசிவிட்டுப் போனது. முழங்கை எலும்பு விரிசல் விட்டது. அதே மாதத்தில்தான் டாக்டர் அண்ணனிடம் அவர் இதயம் பலவீனமாக இருப்பதைச் சொன்னார். அண்ணன் அதை அண்ணியிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொன்னார்.

"நான் போறது பெரிய விஷயமில்ல. அவ கடைக்குப் போய்ட்டுத் தனியா வீடு வந்து சேரணும். அப்படி ஒரு தெரு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்."

பிள்ளைகள் இல்லை. நான் நாற்பது நிமிடப் பயணத் தூரத்தில் இருந்தேன். அவர் கேட்டது ஒரு தெரு.

அந்தத் தெருவைக் காட்டியவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் பழைய நகரத்தைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. கோட்டைச் சுவருக்குள் கல் பாவிய தெருக்கள், வண்டிகள் வர அனுமதி இல்லை, ரொட்டிக்கடை, மருந்துக்கடை, கிளினிக் எல்லாம் நடக்கும் தூரம், குற்றம் குறைவு. வெட்டி எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் வாயில் எச்சில் புளிக்கிறது.

அண்ணன் தாளை நம்பவில்லை. தானே போய்ப் பார்த்தார். ஒரு தடவை காலையில், ஒரு தடவை பதினோரு மணிக்கு, ஒரு தடவை விளக்கு ஏற்றும் நேரத்தில். இரண்டு அட்டைக் குழாய்களைக் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டு, அண்ணியின் கண்ணால் அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்களாம். எங்கும் இடிக்கவில்லை. வேறு நான்கு இடங்களில் அதே குழாய்களோடு நடந்து கம்பத்தில் மோதி நெற்றி வீங்கி வந்தவர் அவர்.

ஆனால் அவரைக் கவிழ்த்தது மீட்டர்தான். அந்தத் தெருவில் மீட்டர்கள் எல்லாம் கதவோரம், வெளிச்சுவரில், மரமூடிக்குள் இருந்தன. பழைய சக்கர மீட்டர்கள். பகல் பதினோரு மணிக்கு ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். வாடகைக்குக் காலியாக இருந்த வீட்டை விட்டால் இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டிலும் சக்கரம் விறுவிறு என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பதினோரு மணிக்கு மத்த தெருவுல எல்லாம் சக்கரம் ஊர்ந்துக்கிட்டிருக்கும், எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க. இங்க வீட்டுக்கு வீடு ஆள் இருக்காங்க பாப்பா. வயசானவங்க, வீட்டுலயே வேலை பண்றவங்க. இவ எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரு ஆள் வருவாங்க."

தரகரிடம் அவர் எதையும் கேட்கவில்லை. தரகர் வாயைவிட மீட்டர் மேல் என்பது அவருடைய கர்வம். தரகரும் கேட்காததைச் சொல்லவில்லை. கதவுகளின் பக்கத்தில் எண் பூட்டு போட்ட சின்ன இரும்புப் பெட்டிகள் இருந்தன. உள்ளே சாவி. அதையும் அண்ணன் பார்த்துவிட்டு, அவசரத்துக்கு அக்கம்பக்கத்தார் திறந்துகொள்ள வைத்திருக்கிறார்கள் போல என்று அண்ணியிடம் சொல்லிப் பூரித்துப்போனார். முப்பத்தோரு வருடம் பூட்டிய கதவுகளின் முன்னால் நின்று 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதிய மனிதர். சாவியை வெளியே வைத்துவிட்டு வாழும் ஒரு தெருவைக் கண்டதும் மயங்கிவிட்டார்.

குடிபோன மூன்றாவது நாள் நான் போயிருந்தேன். தெரு வாசல் வளைவில் 'மரபுத் தெரு, நடந்து மகிழுங்கள்' என்று நகராட்சி பித்தளையில் பலகை வைத்திருந்தது. அந்த வளைவின் அடியிலேயே மூத்திர நாற்றம். சுவரெல்லாம் புது மஞ்சள் பூச்சு. விரலால் தட்டினால் உள்ளே பூஞ்சை. காலையில் கதவைத் திறந்தால் படியில் யாரோ வாந்தி எடுத்து வைத்திருப்பார்கள். அண்ணன் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக, அண்ணி எழுவதற்குள் கழுவி முடித்துவிடுவார். நாள் முழுக்கக் கல்லின் மேல் பயணப் பெட்டிச் சக்கரங்களின் கடகட. ஒரு முகமும் மறுநாள் இருக்காது. ஒரு ஜோடி எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, "கொஞ்சம் திரையை இழுத்துக்கிறீங்களா, ஃபோட்டோல விழறீங்க" என்றது.

சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்றார் அண்ணன். எந்தச் சீசன் என்று எனக்கும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்குப் போன் செய்தார். எதிர் வீட்டில் சுத்தம் செய்யும் பெண் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் குப்பை கொட்டப் போயிருந்தாள். அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். நான்கு கட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் துவாலையை அன்னம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். மூன்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் இல்லை. அவளிடம் விசாரித்திருக்கிறார். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். மற்றதெல்லாம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கான நாள் வாடகை அறைகள், கதவோரச் சாவிப்பெட்டிகளும் அவர்களுக்குத்தான். அடுத்து வருகிறவர்களுக்கு அறை ஜில்லென்று இருக்க வேண்டும் என்று ஏசியை அணைப்பதே இல்லையாம்.

"காலி வீட்டுக்கு ஓடுற மீட்டரை நான் பார்த்ததே இல்ல பாப்பா" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அருவருப்பான எதையோ வெறுங்கையால் தொட்டுவிட்டவர் மாதிரிப் பேசினார்.

அண்ணியிடம் சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். வழி இப்போதுதான் அவளுக்குப் பழகி வருகிறது, வேறு இடம் பார்த்துவிட்டுச் சொல்லலாம், அதுவரை பயமில்லாமல் இருக்கட்டும் என்றார். நானும் சரி என்றேன்.

அண்ணியைப் பழக்கிய விதம் அவருக்கே உரியது. முதல் வாரம் கையைப் பிடித்துக்கொண்டு போனார். இரண்டாவது வாரம் பத்தடி பின்னால். அப்புறம் இருபதடி, பேசாமல். வீட்டு வாசலிலிருந்து ரொட்டிக்கடைக்கு இருநூற்று அறுபது எட்டு, ஒரே ஒரு திருப்பம். 'விழுந்தா, வழி தவறினா, பக்கத்துக் கதவைத் தட்டு' என்பதை மட்டும் தினமும் சொன்னார். உண்மை தெரிந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அண்ணி ஏன் என்று கேட்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணி முதல் தடவையாகத் தனியாகப் போனார். நான் ஜன்னலிலேயே நிற்கிறேன், வரமாட்டேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். போய்ச் சேர்ந்தார் அண்ணி. ரொட்டி வாங்கினார். திரும்பும்போது, பெருமை தாங்காமல், திருப்பத்திலேயே நின்று போனில் ஒன்றாம் பட்டனை அழுத்தினார். அது அண்ணனுடைய எண். மணி அண்ணியின் காலடிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து அடித்தது.

வாக்கு மீறிப் பின்னால் வந்திருக்கிறார் அண்ணன்.

ரொட்டிக்கடைக் கேமராப் பதிவை நான் பிறகு பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அண்ணன் சுவரைப் பிடித்தார், உட்கார்ந்தார், சாய்ந்தார். ஒன்பது நிமிடத்தில் பதினான்கு பேர் கடந்து போனார்கள். அந்தத் தெருவில் காலையில் விழுந்து கிடப்பவன் குடிகாரன்தான் என்பது வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. இரண்டு பேர் பெட்டியை அவர் கால்களுக்கு மேலே தூக்கிக் கடத்தினார்கள். ஒருத்தி நின்றாள். எதிரே இருந்த நீலக் கதவைப் படம் எடுத்தாள். என் அண்ணனின் கால் படத்தில் விழாமலிருக்க ஓரடி இடதுபக்கம் நகர்ந்து இன்னொன்று எடுத்தாள்.

அண்ணி இரண்டாம் பட்டனில் என்னைக் கூப்பிட்டார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வளைவில் நின்றுவிட்டது. வண்டி நுழையாமலிருக்க நட்ட இரும்புத் தூண்களைக் கழற்றும் சாவி நகராட்சி அலுவலகத்தில் இருந்தது. அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள், அண்ணி அண்ணன் சொல்லிக்கொடுத்ததைச் செய்துகொண்டிருந்தார். சுவரைத் தடவித் தடவிப் பதினொரு கதவு தட்டியிருக்கிறார். பதினொன்றாவது கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண், "நாங்க ரூமுக்கு வந்தவங்க, இங்க யாரையும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு மூடினாள். கடைசியில் ஓடி வந்தது ரொட்டிக்கடைக்காரர்தான். அவரும் தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர்.

சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பத்தாம் நாள் தரகர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல மனுஷர் என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு கண்ணைச் சுழற்றி அறையை அளந்தார். மேடம் தனியா இருக்கறது கஷ்டம்தானே, வீட்டுக்காரர் இதையும் நாள் வாடகைக்கு விடலாம்னு நினைக்கிறார், அவசரம் ஒன்றுமில்லை, மாதக் கடைசிக்குள் சொன்னால் போதும் என்றார். அவர் குடித்த டம்ளரை நான் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அவர் போனதும் அண்ணி என் பக்கம் திரும்பினார். அந்த வளையல் வெளிச்சத்துக்குள் என் முகத்தைக் கொண்டுவர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இங்க யாருமே இல்லைன்னு உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் தட்டச் சொன்னாரா."

அண்ணி மடியிலிருந்த துணியை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இனிமே நானே பார்க்கறேன்" என்றார்.

அவர் பார்த்த விதத்தை என்னால் மறக்க முடியாது. கட்டுரை வேண்டாம், தரகர் வேண்டாம். என்னைக் கூட்டிக்கொண்டு பகல் பதினோரு மணிக்கு ஒவ்வொரு பகுதியாகப் போனார். கதவைத் தட்டினார். அவ்வளவுதான். இரண்டு அழகான தெருக்கள் அப்படியே கழிந்தன. மூன்றாவதாகப் போனது பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள நாலு மாடி வீடுகள். டீசல் நாற்றம், பாதி மூடிய சாக்கடை, படிக்கட்டு மூலையில் எச்சில் கறை. எனக்கு இறங்கவே பிடிக்கவில்லை.

முதல் கதவை ஒரு ஆள் ஈரத் துண்டோடு திறந்தார். யார் வேணும் என்றார். இரண்டாவது கதவு திறக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கதவு திறந்தது. "அவங்க வேலைக்குப் போயிருக்காங்க, ஆறு மணிக்கு வருவாங்க. என்ன விஷயம்?" மூன்றாவது கதவில் கையெல்லாம் சோப்பு நுரையோடு ஒருத்தி வந்தாள்.

"என்னம்மா, என்ன விக்கறீங்க?"

"ஒண்ணும் விக்கலம்மா. ஆள் இருக்காங்களான்னு பார்த்தேன்."

"ஆள் இருக்காங்களான்னு பார்க்கறதுக்குத் தட்டுவாங்களா? துணி ஊறுது, அடுப்புல பால் இருக்கு, இதுல வேலையத்த வேலைக்கு வந்துட்டாங்க" என்று படபடவென்று பொரிந்துவிட்டுக் கதவை அறைந்தாள்.

அண்ணி என் கையைத் தேடிப் பிடித்தார். "இங்கேயே பார்த்துடலாம்" என்றார்.

சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோதே ஒருவன் வந்து எங்கள் கதவோரம் சுவரில் துளை போட்டான். இரும்புச் சாவிப்பெட்டி. அண்ணன் கழுவிக் கழுவி வைத்த படியின் மேல் செங்கல் தூள் கொட்டியது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி விழும் என்று மட்டும் சொன்னான்.

புது வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் அண்ணி ஒரு கோலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். நான் செருப்பைத் தேடினேன்.

"பின்னாடி வராத" என்றார்.

படிக்கட்டு வாசலிலேயே நின்றேன். எனக்கு அந்த இடம் இன்றும் பிடிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். முப்பது எட்டு தாண்டியிருப்பார். மேலேயிருந்து அந்தச் சோப்பு நுரைக்காரியின் குரல் வந்தது.

"அம்மா, நில்லுங்க, நேரா ஸ்கூட்டர் நிக்குது."

அண்ணி நின்றார். அவள் விடவில்லை. ஸ்கூட்டர்காரனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு, அவங்க நடக்கற வழின்னு தெரியாதா என்று ஆரம்பித்து, அவன் சட்டைகூடப் போடாமல் இறங்கி வந்து வண்டியைத் தள்ளும் வரை திட்டினாள். தள்ளிய பிறகும் திட்டினாள். அந்த வசவைக் கேட்டுக்கொண்டே அண்ணி கோலைத் தட்டித் தட்டித் திருப்பத்தைக் கடந்து போனார்.

நான் பின்னால் போகவில்லை.