சூப்புக்குச் சொன்ன பாட்டு

உள்ளறையிலிருந்து குரல் கேட்டது. பைக்குள் கணவர் உடுத்தும் சாரங்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த சோபனாவின் கை அப்படியே நின்றது.

கணவர் பாக்கியரத்தினம் பாரிசவாதத்தில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல். பசித்தாலும் "ஆ", வலித்தாலும் "ஆ". இப்போது கேட்டதோ ஒரு முழு வரி. ஏறி, இறங்கி, ஓரிடத்தில் நின்று, மறுபடி ஏறியது. ஆனால் அதில் ஒரு சொல்கூடத் தமிழில்லை.

"றுவைஸ் நானா, இவருக்குத் தலைக்குள்ளை இன்னும் ஏதோ பிழைச்சுப் போச்சு" என்றாள் சலிப்போடு.

கிண்ணியாவிலிருந்து ஓட்டோவோடு வந்திருந்த றுவைஸ், கூடத்துக் கதிரையிலிருந்து எழுந்தார். பழைய கப்பல் நண்பனைப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விடவே வந்திருந்தார்.

வேறு வழி இருக்கவில்லை. துறைமுக வீதித் தையற்கடைக்கு வேலைக்குப் போகும் சோபனா, வீட்டை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவாள். போன கிழமை அவள் திரும்பியபோது மனிதர் கட்டிலால் விழுந்து சீமெந்துத் தரையில் கிடந்தார். உதட்டில் எறும்பு ஊர்ந்தது. அன்றுதான் அவள் தோற்றுப்போய் இல்லத்துக்குச் சம்மதித்தாள்.

றுவைஸ் உள்ளே போனார்; கையிலிருந்த சாரத்தோடு சோபனாவும் பின்னால் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் அதே மொழியில் ஓர் அடி சொன்னார். கட்டிலில் கிடந்தவர் அடுத்த அடியைப் பிசிறில்லாமல் சொன்னார்.

"என்ரை குரல் கேட்டுத்தான் தொடங்கியிருக்கிறான், தங்கச்சி. பழைய காலத்துச் சீனக் கவிதை. எங்கடை கப்பல் குசினிக் கிழவன் படிப்பிச்சது. சொல்லாட்டிச் சூப் ஊத்த மாட்டான். உங்கடை மனுசன் ரெண்டாந்தரம் சூப் வாங்கவெண்டே திருப்பிச் சொல்லுவான்."

சீனன்குடாவில் பிறந்ததால்தான் சீனர்களின் கப்பல் தன்னை எடுத்தது என்று முன்பெல்லாம் பாக்கியரத்தினம் பகிடி விடுவார். பத்து வருடக் கப்பல் வாழ்க்கையில் அவர் சேர்த்துவந்தது ஒரு சூட்கேசும் இந்தக் கவிதையும்தான் போலும்.

"பெண்சாதியின்ரை பேர் வரேல்லை. சூப் வந்திருக்கு" என்றாள் சோபனா. "கிளினிக்கிலை சொன்னவை, மனப்பாடமாத் தெரிஞ்சது முதல்லை வருமெண்டு. நானும் தேவாரம் சொல்லிப் பாத்தன். வாய் அசையேல்லை."

"இவன் எப்ப கோயிலுக்குப் போனவன்?"

கட்டிலில் கிடந்தவரின் பாதி வாய் சிரித்தது. சோபனா அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்தப் பாட்டுக்கு என்ன கருத்து, நானா?"

"ஆறு உறைஞ்சு போச்சு. ஓடம் பனிக்கட்டிக்குள்ளை இறுகிட்டுது. ஊருக்குப் போக ஏலாது. ஓடக்காரன் குந்தியிருந்து துடுப்புக்கு எண்ணெய் பூசிறான். கட்டிக்குக் கீழை தண்ணி ஓடுற சத்தம் அவனுக்குக் கேக்குதாம்."

சோபனாவின் கண்ணீர் மடித்த சாரத்தில் விழுந்தது. அதைத் துடைக்கவும் அலுப்பாக இருந்தது. எழுந்து குசினிக்குப் போய்க் கஞ்சிக் கோப்பையோடு வந்தாள்.

"முதல் அடியை எனக்குச் சொல்லித் தாங்கோ."

கோப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கட்டிலிலிருந்து அடுத்த அடி வந்தது. ஒரு கரண்டி ஊட்டினாள். பிறகு அவர் முகத்தருகே குனிந்து, "கஞ்சி" என்றாள். "எங்கை, சொல்லுங்கோ. கஞ்சி."

"ஆ" என்றார் அவர்.

அவள் இன்னொரு கரண்டி ஊட்டி, அவர் கடைவாயைத் துடைத்தாள்.

"பரவாயில்லை" என்றாள் கடைசியில். "இவர் இப்ப வரேல்லையெண்டு இல்லத்திலை சொல்லிவிடுங்கோ, நானா."

"பகலிலை என்ன செய்வீங்கள்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். றுவைஸ் தாடியைத் தடவினார்.

"மத்தியானம் ஓட்டோவுக்கு ஹயர் குறைவு. நான் வந்து பாட்டைக் கேட்டுக் கேட்டுக் கஞ்சி தீத்திவிடுறன். கதவுப் பூட்டின்ரை மற்றத் திறப்பைத் தாங்கோ."

அலுமாரிக்குள்ளிருந்து மற்றத் திறப்பை எடுத்துக் கொடுத்தாள். அதைச் சேர்ட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார். ஓட்டோவின் பின்னிருக்கையில் யாருமில்லை. அடுக்கிய பையைப் பிரிக்க இன்று அவளுக்குத் தெம்பில்லை. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவை உள்ளிருந்து சாத்தினாள்.