வெளிநாட்டுத் தைலம்

இயற்கை மருத்துவம் படித்துவிட்டு லப்பைக்குடிக்காட்டில் நான் கிளினிக் திறந்த முதல் வருஷம், வந்தவர்களில் பாதிப் பேர் சளி என்றுதான் வந்தார்கள். பெரியவர்களுக்கு ஆவி பிடிக்கச் சொல்வேன், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வேன். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், மூக்கில் சலைன் சொட்டு, அவ்வளவுதான். எது கேட்கும், எது கெடுக்கும் என்று பிரித்துச் சொல்லத்தானே படித்தேன்? ஆனால் சும்மா இருக்கச் சொல்கிற டாக்டரை யாருக்குப் பிடிக்கும்!

ஒருநாள் இரண்டு மாதப் பெண் குழந்தையோடு ஒருத்தி வந்தாள், கூடவே மாமியார். குழந்தைக்கு மூக்கடைப்பு, பால் குடிக்கத் திணறல். புருஷன் துபாயில். மகளை அவன் போனில் பார்த்ததோடு சரி.

"தைலம் மட்டும் வேண்டவே வேண்டாம். நெஞ்சுலயும் தேய்க்காதீங்க, மூக்குலயும் வைக்காதீங்க. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மூச்சே நின்னுடும்" என்றேன்.

அந்த ஊரில் அதைச் சொல்லத் தெம்பு வேண்டும். வளைகுடாவிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் தைலப் பாட்டில் இருக்கும். தலைவலி, பல்வலி, பஸ்ஸில் வரும் வாந்தி, எல்லாவற்றுக்கும் அதுதான். அனுப்பியவனே பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட்ட மாதிரி அவர்களுக்கு ஒரு நிம்மதி.

மாமியார் எழுந்துவிட்டார். "மருந்து குடுக்காம அனுப்புறதுக்கு எதுக்கும்மா ஒரு டாக்டரு? எம்மவன் வெயில்ல கெடந்து சம்பாரிச்சு அனுப்புனது விஷமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இந்தக் குழந்தைக்கு விஷந்தான்" என்றேன்.

மறுநாள் காலை அவள் மட்டும் குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். குழந்தையை வாங்கும்போதே தைல வாசனை குப்பென்று அடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எங்க வீட்டுக்காரங்கதான் போன்ல சொன்னாங்க டாக்டரம்மா, ரெண்டு மூக்குலயும் கொஞ்சம் தொட்டு வையின்னு. புள்ள திணறுறதப் பாத்துட்டு அழுதுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல, வச்சுட்டேன்."

அதே ஆட்டோவில் பெரம்பலூருக்குப் பறந்தோம். வழியெல்லாம் குழந்தையின் வாயிலும் மூக்கிலும் ஊதிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பிழைக்கவில்லை. பாழாய்ப்போன தைலம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும்போல் இருந்தது.

வராந்தாவில் அவள் போன் அடித்தது. அவன்தான். விஷயத்தைச் சொன்னாள். அவன் கதறியது எனக்கே கேட்டது. வெகுநேரம் கழித்து, "தைலம் வச்சியா?" என்று கேட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்லங்க. வைக்கல. மறந்துட்டேன்."

"அடிப்பாவி! அத மட்டும் வச்சிருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமேடி!"

"ஆமாங்க" என்றாள். "என் தப்புதாங்க."