திருக்கையின் முள்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் மீன் என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் அப்பாவின் தங்கை மீன்களுக்குத் தீனி போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் ஒரு மீன் காட்சியகம். விலங்கியல் படித்த அத்தை அந்த வேலையைத் தானே தேடிப் பிடித்தாள். மாலையில் டாக்குரியாவில் இருந்த எங்கள் ஃப்ளாட்டுக்குத் திரும்பியதும் அவள் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போக வேண்டும். அவளுக்கென்று தனி வாளி, தனி சோப்பு. வரன் விஷயமாக வருகிறவர்களிடம் அப்பா, "சால்ட் லேக்ல ஒரு ஆபீஸ்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

பள்ளியில் நிலைமை நேர்மாறு. என் வகுப்பில் எல்லோரும் வங்காளிப் பெண்கள். அத்தை திருக்கை மீன் வளர்க்கிறாள் என்று நான் ஒருநாள் வாய்தவறிச் சொன்னதும் என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். "ஷங்கர் மாச்சையா? உன் பிஷி கையாலே தொடுவாளா?" என்று கேட்டாள் பக்கத்து இருக்கை மௌமிதா. ஷங்கர் மாச் என்றால் திருக்கை, பிஷி என்றால் அத்தை. வீட்டில் மறைத்து வைத்த அத்தைதான் வெளியில் எனக்கிருந்த ஒரே பெருமை.

ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒரு சனிக்கிழமை அத்தை என்னைப் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனாள். முன்பக்கத்து நீல விளக்கும் பளபளப்பும் அங்கே இல்லை. ஈரத் தரை, சுவரெல்லாம் குழாய், ஓயாத மோட்டார் சத்தம். அத்தை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறாலைத் துண்டு போட்டாள். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டி, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மீனைப் பாத்துக்கறதுன்னா பாதி நேரம் தண்ணியைப் பாத்துக்கறதுதான்" என்றாள்.

திருக்கைகளில் பெரியதை அவள் 'பெரியவ' என்றே சொல்வாள். தாம்பாளம் அகலம், பழுப்பில் மஞ்சள் புள்ளிகள். அத்தை தண்ணீருக்குள் கையை விரித்து வைத்ததும் அது மெதுவாக மிதந்து வந்து கைமேல் படுத்துக்கொண்டது. விரலிடுக்கில் இருந்த இறால் காணாமல் போயிற்று.

"இவளுக்கு வாய் அடியில, கண்ணு மேல. என்ன சாப்பிடறோம்னு பாக்க முடியாது. மோந்து பாத்துதான் நம்புவா. புது ஆள் கைன்னா நாள்கணக்கா கிட்டவே வர மாட்டா. சாப்பிடாம இருந்துட்டா மறுபடி சாப்பிட வைக்கறது ரொம்பக் கஷ்டம்."

வாலில் இருக்கும் முள்ளையும் காட்டினாள். பழையது உதிர்ந்து புதிது முளைக்குமாம். உதிர்ந்ததைத் தொட்டியின் அடியிலிருந்து எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தாள். இரண்டு ஓரமும் ரம்பம் போல இருந்தது. "விழுந்தாலும் விஷம் இருக்கும். தொடாதே" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அந்த முள் என் கைக்குட்டைக்குள் இருந்தது.

திங்கட்கிழமை அதைப் பென்சில் பாக்ஸில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். இடைவேளையில் எல்லோருக்கும் காட்டுவதாகத் திட்டம். முதல் மணியிலேயே மௌமிதா ரப்பர் எடுக்க என் பெட்டிக்குள் கையை விட்டாள். அவள் கத்திய கத்தல் பக்கத்து வகுப்புவரை கேட்டது. விரல் கண்ணெதிரே வீங்கியது.

இது எங்கிருந்து வந்தது என்று பெரிய டீச்சர் கேட்டார். திருடினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அத்தை குடுத்தா" என்றேன்.

அப்பா வங்கி வேலையாக வெளியூர் போயிருந்ததால் அத்தைக்குத்தான் போன் போயிற்று. பூட்ஸோடு வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல், டீ போட வைத்திருந்த வெந்நீரைப் பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, மௌமிதாவின் விரலை அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவளுடைய அழுகை தணிந்தது. அதற்குள் மௌமிதாவின் அப்பாவும் வந்துவிட்டார்.

"இதைக் குழந்தை கையில் நீங்களா கொடுத்தீர்கள்?" என்று அவர் வங்காள மொழியில் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நேரப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஹ்யா, ஆமி தியேச்சி" என்றாள் அத்தை. ஆமாம், நான்தான் கொடுத்தேன்.

அவர் காட்சியகத்துக்குப் புகார் எழுதினார். வேலை போகவில்லை. ஆனால் அத்தையை வாசலில் இருந்த டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. வீட்டில் யாருக்கும் இதில் வருத்தம் இல்லை. "போகட்டும், நாற்காலியும் ஃபேனும் கிடைச்சுதே" என்றார் அப்பா. அம்மா தனி வாளியை எடுத்துப் பால்கனியில் செடிக்கு வைத்தாள். அந்த மாதமே ஒரு ஜாதகம் வந்தது. எல்லோரும் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்து, நான் செய்தது கடைசியில் நல்லதாகத்தான் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலையாயிற்று. முதல் ஞாயிறு அவள் கவுண்டரின் சின்ன ஜன்னல் வழியாக, "உள்ள போய் பெரியவ எப்படி இருக்கான்னு பாத்துண்டு வரயா? இங்க யாரைக் கேட்டாலும் நன்னா இருக்குங்கறா. நீ பாத்துச் சொல்லு" என்றாள்.

உள்ளே போனேன். ஆமைத் தொட்டிவரை போய் நின்றுவிட்டேன். அந்த மீனின் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நூறுவரை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"நன்னா இருக்கா அத்தை."

"சாப்பிடறாளா?"

"சாப்பிட்டா. நான் பாத்தேன்."

அத்தையின் முகம் தெளிந்தது. அடுத்த ஞாயிறும் கேட்டாள். அதே ஆமைகள், அதே பதில். "எவ்வளவு சாப்பிட்டா?" என்று கேட்டபோது கையை விரித்து அளவுகூடக் காட்டினேன். மூன்றாவது ஞாயிறும் அப்படித்தான்.

நான்காவது ஞாயிறு அத்தை எதுவும் கேட்கவில்லை. டப்பாவை வாங்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கணக்குப் பரீட்சை எப்படி எழுதினேன் என்று விசாரித்தாள். மீனை மறந்துவிட்டாள் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. பயம் விட்டதால் அன்றுதான் நேராக அந்தத் தொட்டிக்குப் போனேன். திருக்கைகள் இல்லை. தண்ணீர் முழுக்கப் புதிதாக விட்ட சிவப்பு மீன்கள். பெரியவளை இன்னும் பெரிய தொட்டிக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஓடிவந்து ஜன்னலில் தலையை நீட்டி, "அத்தை, அந்தத் தொட்டியில சிவப்பு மீன் விட்டிருக்கா. ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லி, அவள் எனக்குப் பின்னால் நின்றவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வரிசை நீளமாக இருந்தது. அதனால்தான் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.