தலைப்பிரசவமும் இருப்பிடச் சான்றிதழும்

என் 1984ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஜூலை 9, திங்கட்கிழமைப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சென்னைக் கல்லூரிக் கடிதம். பி.எஸ்சி. நர்சிங், இரண்டு வருடம். இடம் உண்டு. 20ஆம் தேதிக்குள் இருப்பிடச் சான்றிதழ்."

அப்போது நான் காரைக்காலில் பிரசவ வார்டு நர்ஸ். டிப்ளமோ முடித்து 1975இல் வேலைக்குச் சேர்ந்தபோது, கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்க வைப்பதில்தான் காலை தொடங்கும். அந்த ஆவியின் வாடை இன்னும் நினைவில் இருக்கிறது. எண்பதுகளில் புதுக் கருவிகள் வந்தன. அவற்றைத் துடைத்து வைக்கத் தெரிந்த எங்களுக்கு, அவை காட்டுவதைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. அதனால்தான் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். கூட வேலை பார்த்தவள், "படிச்சிட்டு வந்தப்பறம் பெட்பேன் எடுப்பீங்களாக்கா, இல்ல அதுக்கு நாங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிடைத்தது புதுச்சேரி மாநிலத்தாருக்கென ஒதுக்கிய ஒரே இடம். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வருடம்.

தாலுகா அலுவலக எழுத்தர் என் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த ஊர் தரங்கம்பாடி. எங்கள் வீடு காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில். ஆனால் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் அம்மா தன் பிறந்த ஊருக்குப் போயிருந்தாள். அது 1953. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம், தரங்கம்பாடி இந்தியாவில். பிள்ளை பெற நாடு விட்டு நாடு போகிறோம் என்று யாரும் நினைக்கவில்லை.

"நீங்க பொறந்தது தமிழ்நாடுங்க. இங்க எப்படிங்க குடுக்கிறது?"

அவருடைய இரண்டாவது குழந்தை எங்கள் வார்டில் பிறந்தது. அந்த உரிமையில், "உங்க மூத்த பொண்ணு எங்கங்க பொறந்துச்சு?" என்றேன்.

"பொறையார்ல." பொறையாரும் தமிழ்நாட்டில்தான். உடனே, "அது வேறங்க," என்றார்.

பிறகு வழியும் அவரே சொன்னார்: இங்கே ஐந்தாம் வகுப்புவரை படித்த பள்ளியிலிருந்து சேர்க்கைப் பதிவேட்டின் நகல். அதை வாங்க மூன்று நாள் ஆயிற்று. தாசில்தார் முகாமுக்குப் போய்விட்டதால் கையெழுத்து 23ஆம் தேதிதான் கிடைத்தது. கெடு முடிந்து மூன்று நாள். சீட்டு போயிருக்கும் என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதே பயம். இருந்தாலும் பஸ் ஏறினேன்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண்மணி சான்றிதழை வாங்கிக் கோப்பில் சேர்த்தார்.

"காரைக்காலேர்ந்து தந்தி வந்துச்சும்மா, சான்றிதழ் வருது, இடத்த வச்சிருங்கன்னு. அதனாலதான் அடுத்த ஆளைக் கூப்பிடல."

யார் அனுப்பியது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. சேர்ந்துவிட்டோம் என்பதே போதுமாக இருந்தது. பிறகு எங்கள் வார்டு சிஸ்டருக்கு எழுதிக் கேட்டேன். தான் அனுப்பவில்லை என்றார். வீட்டிலும் யாரும் அனுப்பவில்லை. 1986இல் பட்டத்தோடு திரும்பியபோது அந்த எழுத்தர் ஏனாமுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். கெடு நாளும் கல்லூரி முகவரியும் அவரிடம் கொடுத்த விண்ணப்பத்தில் இருந்தன. அதை வைத்து, தந்தி கொடுத்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.