எண்ணெய்ப் பையோடு வழியனுப்பப் போனது

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் பிழைப்பு. எத்தனையோ முதுகுகளைப் பார்த்திருக்கிறேன். முகம் எதுவும் மனதில் நிற்பதில்லை. தேய்த்து முடிந்ததும் எழுந்து தண்ணீருக்குள் போய்விடுவார்கள்.

ஒருவர் முகம் மட்டும் நின்றது. சென்னையில் இருந்த ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதர். வருஷா வருஷம் சாரல் தொடங்கினால் வருவார், என்னிடம்தான் உட்காருவார். அவருக்குத் தமிழில் ஒரு கேள்வி மட்டும் தெரியும். உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்பார். நான் தனி ஆள். சமைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேறு யாரும் என்னிடம் இதைக் கேட்பதில்லை. சாப்பிடாத நாளிலும் கூச்சத்தில் "ஆச்சு சார்" என்றே சொல்லிவந்தேன்.

இந்தச் சாரலில் டீக்கடைக்காரர் சொன்னார்: "என்னவே, உம்ம தூதரு வேற நாட்டுக்கு மாறிப் போறாராம்லா. இலஞ்சி மண்டபத்துல பாராட்டு விழா வைக்காங்க. இனி யாரு முதுகுல எண்ணெய ஊத்துவீரு?"

அவர் நாட்டுக்கு வேலைக்குப் போன இலஞ்சிப் பையன் ஒருவன் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது, அவன் தாய்க்கு உடனே விசா கிடைக்கச் செய்தவர் அவர். அதற்குத்தான் விழா.

எனக்கு அவரை ஒருமுறை பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டால் இந்தத் தடவை உள்ளதைச் சொல்ல வேண்டும். தென்காசிக்குப் போய் ஒரு பொன்னாடை வாங்கினேன்.

விழா அன்று காலையில் அருவியில் கூட்டம் விடவில்லை. குளிக்காமல், சாப்பிடாமல், எண்ணெய்ப் பையோடு அப்படியே போனேன். மேடையில் பொன்னாடை மேல் பொன்னாடையாக விழுந்தது. கடைசியில் மைக்கில், "இன்னும் யாராவது போத்தணுமா?" என்று கேட்டார்கள். எண்ணெய்ச் சட்டையோடு மேடையேற மனம் வரவில்லை. கார் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வாசலுக்கு வந்து நின்றேன்.

அந்தப் பையனின் தாய் காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். என் பையைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, என்னது, எண்ணெயா?"

"ஆமாம்மா."

"அய்யய்யோ, புறப்படுத மனுசனுக்கு எதிர எண்ணெயோடயா நிக்குதீங்க? கொஞ்சம் தள்ளிப் போங்க அண்ணாச்சி, அவரு நல்லபடியா போய்ச் சேரட்டும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நானும் வெளியூர் கிளம்பும்போது எண்ணெய் எதிரே வந்தால் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். பையைக் கீழே வைத்திருக்கலாம். ஆனால் கையும் சட்டையும் எண்ணெய்தானே. மண்டபத்து ஓரம் நின்ற ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர் வந்தார். எல்லாரையும் கும்பிட்டார். அந்தத் தாயைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சுய்யா, போயிட்டு வாங்க" என்றாள்.

எல்லாரிடமும் கேட்பார் போலிருக்கிறது. எனக்கு அது தெரியாது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கார் செங்கோட்டை ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்றேன். பைக்குள் பொன்னாடையின் ஒரு ஓரம் எண்ணெயில் ஊறியிருந்தது. மண்டபத்தில் பந்தி தொடங்கிவிட்டது. வாசலில் நின்றவர் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்.

"ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் குற்றாலம் பஸ்ஸுக்கு நடந்தேன்.